ஆறு வாய் பாக்கி

நாற்பத்தாறு வயதிலும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுடைய தொண்டை ஒன்பது வயதோடு வளர்வதை நிறுத்திக்கொண்டது. முடி நரைத்தது, முட்டி வலித்தது, குரல் மட்டும் பள்ளிக்கூடம் விட்டு வரவே இல்லை. போனை எடுத்தால், "பாப்பா, வீட்ல பெரியவங்க யாராவது இருக்காங்களா?" என்பார்கள். முன்பெல்லாம் கோபம் வரும். பிறகு, "இல்ல அங்கிள், எல்லாரும் வெளிய போயிருக்காங்க" என்று சொல்லி, எதையாவது தலையில் கட்ட நினைப்பவர்களை ஓட்டிவிடப் பழகிக்கொண்டாள். இருபத்தெட்டு வயதில் ஒரு கல்யாணம் கூடிவந்தது. பக்கத்து அறையில் அவள் பேசியதைக் கேட்ட மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணுக்கு ஏற்கெனவே குழந்தை இருக்கறத ஏன் மறைச்சீங்க?" என்று சண்டை பிடித்துவிட்டுப் போய்விட்டாள். அதோடு கல்யாணப் பேச்சு நின்றது. அதற்காக இவள் ஒன்றும் மூலையில் உட்கார்ந்து அழவில்லை, அன்று பிற்பகலே ஒரு முயல்குட்டிக்குப் பேச வேண்டியிருந்தது.

வேலை டப்பிங். வெளிநாட்டிலிருந்து வரும் கார்ட்டூன் படங்களில் எது குட்டியாக இருந்தாலும் அது பாப்பாவின் தலையில்தான் விழும். யானைக்குட்டி, நாய்க்குட்டி, வழி தவறிய ரயில் எஞ்சின், ஒருமுறை ஒரு பல் துலக்கும் பிரஷ். மைக் முன்னால் நிற்கும்போது வளையலைக் கழற்றிவைப்பாள். சரசரக்கும் துணி உடுத்தமாட்டாள். வெறும் வயிறு உறுமினால் மைக் அதையும் விடாது என்பதால் பாதி பன்னைத் தின்றுவிட்டுத்தான் உள்ளே போவாள்.

டப்பிங் தியேட்டரில் ‘வாய்’ என்பது ஓர் அளவு. திரையில் குட்டி ஒருமுறை வாயைத் திறந்து மூடினால் ஒரு வாய். அவர்கள் மொழியில் பத்து வாயில் சொன்னதை நம் மொழியில் ஏழு வாயில் சொல்லி முடித்துவிட்டால் மூன்று வாய் பாக்கி. பாக்கியை அப்படியே விட்டால் குட்டி எதையோ சத்தமில்லாமல் மெல்வது மாதிரி இருக்கும். பெரியவர்கள் கவனிக்க மாட்டார்கள், பிள்ளைகள் கண்டுபிடித்துவிடும். அதனால் பேசுகிறவரே எதையாவது போட்டு நிரப்பவேண்டும். "இல்லியா?", "அட போ!", "சொல்லிட்டேன், ஆமா!" இப்படி ஏதாவது. வசனத் தாளில் அது இருக்காது, யாரும் கணக்கும் கேட்கமாட்டார்கள். இந்த விஷயத்தில் பாப்பாவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒலிப்பதிவு செய்கிற சவுண்டு, அவருக்கு அங்கே வேறு பெயர் கிடையாது, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து "நாலு பாக்கி பாப்பா" என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் நாலையும் நிரப்பியிருப்பாள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு வாயைக்கூட அவள் காலியாக விட்டதில்லை. அந்தப் பெருமை அவளுக்கு நிறையவே உண்டு.

என்ன பேசுகிறோம் என்பதை மட்டும் அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை. அது எழுதுகிறவன் பாடு. முதலில் பல் தேய்க்கச் சொன்னார்கள், சொன்னாள். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னார்கள், சொன்னாள். நல்ல விஷயம்தானே. அப்புறம் வரிசையில் நிற்கச் சொன்னார்கள். அப்புறம் கொடியைப் பார்த்ததும் நிமிர்ந்து நிற்கச் சொன்னார்கள். அப்புறம் ஐயாவின் பிறந்தநாளுக்கு யானைக்குட்டி வாழ்த்துச் சொன்னது. ஐயா என்றால் நாட்டை ஆள்கிறவர், அவரைப் பெயர் சொல்லி யாரும் பேசுவதில்லை. யானைக்குட்டிக்கும் ஐயாவுக்கும் என்ன சம்பந்தம் என்று சவுண்டு ஒருநாள் முணுமுணுத்தார். "வாய் சரியா உக்காந்துச்சா? அத மட்டும் சொல்லுங்க" என்றாள் பாப்பா.

வீடு ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடி. இரண்டு அறை, ஒரு சமையலறை, அதற்குப் போகும் ஒரு குறுகிய நடை. அண்ணன், அண்ணி, அவர்களுடைய ஏழு வயது மகள், இவள். அண்ணன் பஸ் டிப்போவில் மெக்கானிக். அண்ணி துணி தைக்கும் கம்பெனிக்குப் போகிறவள். மகளை எல்லோரும் குட்டி என்றார்கள். அத்தை பேசாத குட்டி இது ஒன்றுதான் என்று அண்ணன் கிண்டலடிப்பான்.

அண்ணனுக்கும் தொண்டையில் ஒரு சொத்து இருந்தது. யாரை வேண்டுமானாலும் பேசிக் காட்டுவான். வெள்ளிக்கிழமை தோறும் ஐயா டிவியில் அரைமணி நேரம் பேசுவார். அது முடிந்ததும் அண்ணன் சட்டைக்குள் தலையணையைத் திணித்துக்கொண்டு ஸ்டூலில் ஏறுவான். தொண்டையை மூன்று தவணையாகக் கனைப்பான். "என் பிள்ளைகளே! மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்கிறீர்கள். ஏறாது. ஏறாமல் இருக்கும்படி தண்ணீரை யாரோ தூண்டிவிட்டிருக்கிறார்கள்!" அண்ணி முதல் வேலையாக சன்னலைச் சாத்திவிட்டு வந்து சிரிப்பாள். பாப்பா கூட்டத்துப் பிள்ளையாகி, "வாழ்க ஐயா! எங்க வீட்டு பக்கெட்டும் வாழ்க!" என்று கீச்சிடுவாள். குட்டி சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துத் தரையில் உருளும். வாரம் முழுக்கக் கிரீஸும் நூலும் மைக்கும் தின்ற மூன்று பேருக்கு அந்த அரைமணி நேரம் பெரிய விஷயம்.

பென்குயின் படம் வந்தது அந்த வருஷம்தான். வழக்கமாக வரும் விநியோகஸ்தர் வரவில்லை. தகவல் இலாகாவிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கண்ணாடிக்குப் பின்னால் சோபாவில் உட்கார்ந்து பெப்பர்மின்ட் சப்பினார். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. மூலப் படத்தில் பென்குயின் குட்டி ஏதோ மீனைத் தேடிப்போகிறது என்று நினைக்கிறேன், யாருக்கும் அந்த மொழி தெரியாது. இலாகா எழுதிக் கொடுத்த கதை வேறு. பென்குயின் கூட்டம் தலைவரின் பின்னால் பனியில் நடந்து போகிறது. சில பென்குயின்கள் தலைவரின் நடையைக் கிண்டல் பண்ணுகின்றன. ஒற்றுமை கெடுகிறது, பனி விரிசல் விடுகிறது. கிண்டல் பண்ணியவர்களை யார் காட்டிக்கொடுப்பது என்று கூட்டம் தயங்கும்போது குட்டி முன்னால் வருகிறது. கிண்டல் பண்ணிய பென்குயினைத் தலைவர் குளிர்ந்த தண்ணீரில் முக்கி எடுக்கிறார், அது நல்ல பிள்ளையாகிவிடுகிறது, எல்லோரும் சிறகு தட்டுகிறார்கள். பாட்டும் இருந்தது. படம் பார்க்க அழகாக இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

குட்டி முன்னால் வரும் இடத்தில் தாளில் இருந்த வசனம் இவ்வளவுதான்: "தலைவரக் கிண்டல் பண்றவங்களப் பத்தி நான் போய்ச் சொல்லிடுவேன்!" பாப்பா சொல்லி முடித்தாள். குட்டி இன்னும் அலகை ஆட்டிக்கொண்டிருந்தது.

"ஆறு பாக்கி பாப்பா" என்றார் சவுண்டு. "கடைசில அலகு இறுக்கி மூடுது, பாத்துக்க."

முதல் தடவை, "கண்டிப்பா சொல்லுவேன், ஆமா" என்று போட்டாள். ‘ஆமா’வில் அவள் வாய் திறந்திருக்க, திரையில் அலகு மூடியிருந்தது. இரண்டாம் தடவை வேறு எதையோ போட்டாள், ஒரு வாய் குறைந்தது. ‘ம்’மில் முடிகிற ஏதாவது வேண்டும். மூன்றாம் தடவை படம் ஓடியது, வசனம் முடிந்தது, அவள் நிறுத்தாமல் சொன்னாள்: "அப்பாவா இருந்தாலும்!"

ஆறு வாய். கடைசி ‘ம்’மில் அலகு அச்சு மாதிரி மூடியது. சவுண்டு கண்ணாடியைத் தட்டிக் கட்டைவிரலைக் காட்டினார். அதிகாரி பெப்பர்மின்ட் சப்புவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பாப்பா வெளியே வந்து மீதிப் பாதி பன்னைத் தின்றாள். அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று பிற்பாடு எத்தனையோ நாள் யோசித்தாள். எங்கிருந்தும் வரவில்லை. வாய்க்கு வந்தது, உட்கார்ந்தது, அவ்வளவுதான்.

படத்தைப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக இலவசமாகக் காட்டினார்கள். சுவரொட்டியில் பென்குயின் குட்டி சிறகைத் தூக்கிக்கொண்டு நிற்கும், கீழே கொட்டை எழுத்தில் அந்த ஆறு வாய். தாளில் இருந்த வசனத்தைக் காணோம், இவள் போட்டு நிரப்பியது மட்டும் இருந்தது. மூன்றே வாரத்தில் தெருவில் பந்து விளையாடும் பிள்ளைகள்கூட அவுட் ஆனவனைப் பார்த்து, "சொல்லிடுவேன், அப்பாவா இருந்தாலும்!" என்று கத்தின. பாப்பாவுக்குக் கேட்கக் கேட்க மனம் குளிர்ந்தது. ஒளித்து என்ன, பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுப் பிள்ளை அதைச் சொன்னபோது, மெதுவாகக் குனிந்து அதே குரலில் சொல்லிக் காட்டினாள். பிள்ளை வாயைப் பிளந்தது. இறங்கும்வரை அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

குட்டி வகுப்பு முழுக்க ‘எங்க அத்தைதான் பென்குயின்’ என்று தம்பட்டம் அடித்திருந்தாள். ஒரு வியாழக்கிழமை தலையில் கறுப்பும் வெள்ளையுமாகப் பென்குயின் தொப்பியோடு வீட்டுக்கு வந்தாள். படம் வரையும் போட்டியில் பரிசு என்றாள். என்ன வரைந்தாய் என்று அண்ணி கேட்டதற்கு, "வீடு" என்றாள். நல்லது என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

சனிக்கிழமை காலை இரண்டு பேர் வந்தார்கள். அண்ணன் குளியலறையில் குழாயைக் கழற்றிப் போட்டுக்கொண்டு ஈரக் கையோடு இருந்தான். வந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். "சின்ன விசாரணைதான் சார், சட்டைய மாத்திட்டு வாங்க." அண்ணன் சட்டை மாற்றப் போனபோது ஒருவர் குட்டியின் தொப்பியைப் பார்த்தார். குனிந்து கன்னத்தைத் தட்டினார்.

"ஓ, நீதானா அந்தப் பிள்ளை? கெட்டிக்காரி."

அண்ணி குட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவர்கள் படியிறங்கும் சத்தம் ஓயும்வரை பொறுத்திருந்து, குட்டியின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள். "என்னடி பண்ண? என்ன வரைஞ்ச? யார்கிட்ட குடுத்த?"

குட்டி மிரண்டு போய் அத்தையைப் பார்த்தாள். "டீச்சர்தான் தாள் குடுத்தாங்க. வீட்ல யார் கிண்டல் பண்றாங்கன்னு வரையச் சொன்னாங்க. நான் தப்பா ஒண்ணும் பண்ணல. அப்பாவா இருந்தாலும் சொல்லணும்னு நீதானே அத்தை சொன்ன?"

 இருபத்திரண்டு வருஷத்தில் பாப்பாவுக்கு வார்த்தை கிடைக்காமல் போனது அதுதான் முதல்முறை.

"அழாதம்மா" என்றாள் குட்டி, அண்ணியிடம். "தண்ணில முக்கிட்டு அனுப்பிடுவாங்க. படத்துல அப்படித்தான்."

அன்றிலிருந்து அண்ணி இவளோடு பேசவில்லை. தட்டு வைப்பாள், சோறு போடுவாள், இவள் துணியையும் சேர்த்துத் துவைப்பாள். பேச்சு மட்டும் கிடையாது. கத்தித் தீர்த்திருந்தால் தேவலை என்று இருந்தது பாப்பாவுக்கு. குட்டி தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சன்னலில் தொற்றிக்கொண்டு தெருவைப் பார்த்தாள். அப்பா ஈரத் தலையோடு வருவார் என்று நினைத்திருந்தாள்.

இந்தக் குரலுக்கு இலாகாவில் ஒரு மதிப்பு இருக்கும், போய்க் கேட்டால் விட்டுவிடுவார்கள் என்று பாப்பா நம்பினாள். அண்ணனைக் கொண்டுவந்து இந்தச் சன்னல் முன் நிறுத்தினால் போதும், அதற்கு மேல் அவளுக்கு எதுவும் வேண்டாம். பதினோரு நாள் நீளமான ஒரு தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். பன்னிரண்டாம் நாள் பெப்பர்மின்ட் அதிகாரி உள்ளே கூப்பிட்டார். மேஜையில் குட்டியின் படம் இருந்தது. ஸ்டூல், தலையணை வயிறு, கையை உயர்த்திய அண்ணன். பக்கத்தில் சன்னலைச் சாத்தும் அண்ணி. வாய் நிறையச் சிரிக்கும் அத்தை. யாரையும் விட்டுவிடாமல் பாசமாகத்தான் வரைந்திருந்தாள்.

"உங்களையும் வரைஞ்சிருக்கா, பாத்தீங்களா?" என்றார் அதிகாரி. "நாங்க அதக் கண்டுக்கல."

"சார், அவ குழந்தை. விளையாட்டா வரைஞ்சிருக்கா. அந்த வசனம்கூட உங்க தாள்ல கெடையாது சார். வாய் பாக்கி இருந்துச்சு, நான் சும்மா போட்டு நிரப்பினேன். அதுக்கு அர்த்தமே கெடையாது."

"தெரியும். நான்தான் கண்ணாடிக்குப் பின்னாடியே இருந்தேனே." அவர் சிரிக்கவில்லை, ஆனால் குரலில் உண்மையான மரியாதை இருந்தது. "அந்த மாதிரி ஒரு வரி வேணும்னு இங்க ரெண்டு மாசம் பேசினோம் மேடம். அப்பா அம்மாவ இழுத்தா ஜனங்க கோபப்படுவாங்கன்னு எங்களுக்கே பயம். எழுதாம விட்டுட்டோம். நீங்க சாதாரணமா சொல்லிட்டுப் போயிட்டீங்க. யாரும் கோபப்படல."

 பாப்பா மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

அதிகாரி தானே தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார். ரேடியோவில் போட ஒரு நிமிஷப் பேச்சு வேண்டும். சொன்ன பிள்ளைகளுக்குப் பென்குயின் குட்டி நன்றி சொல்லவேண்டும், இன்னும் சொல்லாத பிள்ளைகளிடம் தைரியமாகச் சொல்லச் சொல்லவேண்டும். "வேற யாராவது பேசினா பிள்ளைங்க கண்டுபிடிச்சிடும். நீங்க வந்து பேசிக் குடுங்க. அண்ணன் விஷயத்த அப்புறம் நான் பாக்கறேன்."

அன்று வழி முழுக்க நடந்தே வீட்டுக்கு வந்தாள். பேசினால் இன்னும் எத்தனை வீட்டுக்கு அந்த இரண்டு பேர் மரியாதையாகப் போவார்கள் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. அவள் முட்டாள் அல்ல, கெட்டவளும் அல்ல. ஆனால் மாடியேறி வந்தபோது குட்டி சன்னலில் இருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்காமல், "இன்னிக்கும் வரல அத்தை" என்றாள். மறுநாள் காலை பாப்பா வளையலைக் கழற்றிவைத்துவிட்டு மைக் முன் நின்றாள்.

ஒரே டேக். கைவசம் இருந்த சிரிப்பு, குழைவு, செல்லம் எல்லாவற்றையும் போட்டுப் பேசினாள். அரைகுறையாகப் பேசி அதைக் காரணம் காட்டி அண்ணனைப் பிடித்து வைத்துக்கொண்டால்? அதனால் குறை வைக்கவில்லை. கேட்கிற எந்தப் பிள்ளைக்கும் உடனே ஓடிப்போய் எதையாவது சொல்லவேண்டும்போல இருக்கும், அப்படி இருந்தது. சவுண்டு கட்டைவிரலைக் காட்டவில்லை. மெஷினை அணைத்தார்.

"உங்க குட்டி படிக்கற ஸ்கூல்லதான் என் பையனும் படிக்கறான் பாப்பா" என்றார்.

"மன்னிச்சிடுங்க" என்றாள். அவர் தலையாட்டினார். மன்னித்தார் என்று சொல்ல முடியாது.

ரேடியோவில் அது மூன்று மாதம் ஓடியது. காலை பள்ளிக்கூட நேரத்துக்கு முன்பும், சாயங்காலம் பிள்ளைகள் வந்தபிறகும். இரண்டாம் மாடியில் இருந்த தையல் மெஷின் மெக்கானிக் ஒரு செவ்வாய்க்கிழமை போனவர் திரும்பவில்லை. எதிர்க் கட்டடத்தில் ஒரு வாத்தியார். அதற்கு மேல் பாப்பா விசாரிக்கவில்லை. ரேடியோ சத்தம் கேட்டால் பாத்திரத்தைப் போட்டு உருட்டினாள்.

அதிகாரி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஐந்தாம் மாதம் அண்ணன் வந்தான். தலை ஈரமாக இல்லை, மொட்டையாக இருந்தது. இடது காதில் பேசினால் கேட்கவில்லை. சட்டை தோளில் தொங்கியது. அண்ணி வாசலிலேயே அவன் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பிறகு ஐந்து மாதத்தில் முதல்முறையாக, வெளியே படியில் தயங்கி நின்ற நாத்தனாரைப் பார்த்து, "உள்ள வா, வெளிய நிக்காத" என்றாள். பாப்பா அன்று சமையலறையில் ஒளிந்துகொண்டு அழுதாள். செய்தது தப்பு என்று தெரியும், மறுபடியும் செய்வேன் என்றும் தெரியும். இரண்டையும் வைத்துக்கொண்டுதான் அழுதாள்.

குட்டி அப்பாவைச் சுற்றிச் சுற்றி வந்தாள். இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. தலையணையை எடுத்துவந்து அவன் மடியில் வைத்தாள்.

"அப்பா, ஐயா மாதிரி பேசிக் காட்டுப்பா. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். சத்தியமா."

‘ஐயா’ என்ற சொல் காதில் விழுந்ததும் அண்ணன் எழுந்து நின்றான். தலையணை தரையில் விழுந்தது. கைகளை இரண்டு பக்கமும் ஒட்டவைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி விறைப்பாக நின்றான். யாராவது உட்காரச் சொல்லும்வரை நிற்கப் பழகியிருந்தான் போல. "உக்காருங்க" என்று அண்ணி வலது காதுப் பக்கம் போய் மூன்று தடவை சொன்னபிறகுதான் உட்கார்ந்தான். குட்டி தலையணையை எடுத்துக்கொண்டு போய்ப் படுக்கையில் வைத்துவிட்டு வந்தாள். அதன்பிறகு அவள் எதையும் கேட்கவில்லை. சன்னலுக்கும் போகவில்லை.

நாள் போகப் போகப் பெரியவர்கள் மூன்று பேரும் மறுபடி பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. டிப்போவில் திரும்ப எடுத்துக்கொள்வார்களா, காதுக்கு எந்த டாக்டரைப் பார்ப்பது, இரண்டாம் மாடிக்காரர் வீட்டில் அடுப்பு எரிகிறதா. சமையலறையில் தலையோடு தலை வைத்துப் பேசுவார்கள். குட்டி உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். அப்படி நிறுத்தவேண்டும் என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை. தானாகவே நின்றது. அண்ணி அடுப்பைப் பார்ப்பாள், அண்ணன் தரையைப் பார்ப்பான். பாப்பாதான், "வா கண்ணு, பசிக்குதா?" என்பாள். அந்தக் கேள்வி அவளுக்கே சகிக்காது.

ஒருநாள் சாயங்காலம் அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது நடையில் செருப்பைத் தரையில் தேய்த்துத் தேய்த்து யாரோ வரும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடியும் தேய்த்தது. குட்டி காலில் எங்கேயோ அடிபட்டுக்கொண்டு வந்திருக்கிறாள் என்று பாப்பா பதறிப்போய் எழுந்து நடைக்கு வந்தாள். குட்டி சுவரோரமாக நின்றிருந்தாள். காலில் ஒன்றும் இல்லை.

"ஏன் கண்ணு காலத் தேச்சுத் தேச்சு நடக்கற? வலிக்குதா?"

"இல்ல அத்தை."

"பின்ன?"

குட்டி சமையலறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நான் வரேன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியணும்ல. அப்பதானே நிறுத்துவீங்க."

சொல்லிவிட்டு, இப்போது உள்ளே போகலாமா என்று கேட்பதுபோல அத்தையின் முகத்தைப் பார்த்தபடி அங்கேயே நின்றாள்.